என்கிரிப்டட் போனைப் போலீஸ் படித்தது சரியா? என்க்ரோசாட் வழக்கை முன்வைத்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: "ஐரோப்பாவில் குற்றக் கும்பல்கள் வைத்திருந்த என்கிரிப்டட் போன்களைப் போலீஸ் மொத்தமாக ஊடுருவிப் படித்தது. அது தனியுரிமை மீறல்தானே? அல்லது, இப்படிப்பட்ட போன்களையே தடை செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?"

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பிரித்துப் பார்க்க வேண்டும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடை தேவையில்லை. போலீஸ் உள்ளே போனதையும் நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் உள்ளே போன வழியை நீதிமன்றத்தில்கூடச் சொல்ல மறுத்தார்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. ஏன் என்பதற்கு நடந்த கதை தெரிய வேண்டும்.

கேள்வியில் சொல்லும் போன்களை விற்ற கம்பெனிகளில் ஒன்றுதான் என்க்ரோசாட். செய்தியை என்கிரிப்ட் செய்து, அதாவது வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புவது அதன் சேவை. என்க்ரோசாட் போன் ஏதோ ரகசிய ஆலையில் செய்த அதிசயக் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டு பிக்யூ கம்பெனியின் அக்வாரிஸ் எக்ஸ்2 என்ற சாதாரண ஆண்ட்ராய்டு மாடலில் மென்பொருளை மாற்றி ஓட்டியதுதான் பெரும்பாலும். பவர் பட்டனை மட்டும் அழுத்தினால் எல்லோர் போனையும் போல ஆண்ட்ராய்டு திரை வரும். வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் இன்னொரு திரை திறக்கும்; வியாபாரம் எல்லாம் அதற்குள். செய்திகள் வழக்கமாக ஏழு நாளில் தானாக அழிந்துவிடும். போலீஸ் கையில் மாட்டிக்கொண்டால் சொல்வதற்கென்றே ஒரு பின் நம்பர் உண்டு, அதை அடித்தால் போன் மொத்தமும் துடைத்துப் போட்டதுபோல் ஆகிவிடும். போன் ஒன்றுக்குச் சுமார் 1,000 யூரோ, ஆறு மாதச் சந்தா 1,500 யூரோ. சிம் கார்டு யார் பெயரில் என்ற கேள்வியே கிடையாது.

பிரான்சின் ஜாந்தார்ம்ரி, அதாவது அங்குள்ள ராணுவ அமைப்பிலான போலீஸ் படை, 2017 முதல் இந்தப் போன்களைச் சோதனைகளில் அடிக்கடி பார்க்க ஆரம்பித்தது. தேடிப் போனதில் சர்வர் தங்கள் நாட்டிலேயே, ரூபே என்ற ஊரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் இருப்பது தெரிந்தது. (ரூபே என்றதும் நம் ஏடிஎம் கார்டு நினைவுக்கு வர வேண்டாம், வடபிரான்சில் லீல் பக்கத்தில் உள்ள ஊர்.) லீல் நீதிமன்றத்தின் அனுமதியோடு 2020 ஏப்ரல் 1 அன்று வேலையைத் தொடங்கினார்கள். அந்தச் சர்வரிலிருந்து எல்லாப் போன்களுக்கும் ஒரு 'அப்டேட்' போனது. அப்டேட் என்ற பெயரில் போனது உளவு மென்பொருள்.

முதல் கட்டத்தில் அது போனில் ஏற்கெனவே இருந்ததையெல்லாம் அள்ளியது: செய்திகள், படங்கள், குறிப்புகள், தொடர்புப் பட்டியல். இரண்டாவது கட்டத்தில், புதிதாக எழுதும் ஒவ்வொரு செய்தியையும் எழுத எழுத அனுப்பிக்கொண்டிருந்தது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பல பத்திரிகைகள் தவறாக எழுதிய இடம் இது. "போலீஸ் என்கிரிப்ஷனை உடைத்தது" என்றார்கள். உடைக்கவே இல்லை. நீங்கள் எழுதும் செய்தி உங்கள் போனைவிட்டுக் கிளம்பும்போது பூட்டப்படுகிறது, எதிராளியின் போனில் திறக்கிறது. நடுவில் யார் எடுத்துப் பார்த்தாலும் குப்பை எழுத்துதான். ஆனால் உங்கள் திரையில் அது தெளிவாகத்தானே தெரிகிறது? தெரியாவிட்டால் உங்களால் எப்படிப் படிக்க முடியும்? அந்த மென்பொருள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தது. பூட்டு கடைசிவரை பூட்டாகவே இருந்தது, ஆள்தான் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டான்.

மே மாதம் சில வாடிக்கையாளர்கள் "போனைத் துடைக்கும் வசதி வேலை செய்யவில்லை" என்று கம்பெனிக்குப் புகார் சொல்ல, ஆராய்ந்ததில் ஒரு போனில் இந்த மென்பொருள் கிடைத்தது. சரிசெய்து ஒரு அப்டேட் விட்டார்கள், அது திரும்பவும் வந்தது. ஜூன் 12 நள்ளிரவை ஒட்டிக் கம்பெனி எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பியது. அரசாங்க அமைப்புகள் எங்கள் டொமைனை (இணைய முகவரியை) பிடித்துவிட்டன, உங்கள் போனுக்கு இனி உத்தரவாதம் தர முடியாது, உடனே அணைத்துத் தூக்கிப் போடுங்கள் என்பது சாரம். இரண்டரை மாதம் படித்து முடித்த பிறகு வந்த எச்சரிக்கை.

படித்ததில் என்ன கிடைத்தது? ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோல் 2023 ஜூனில் வெளியிட்ட கணக்குப்படி உலகம் முழுக்க 6,558 பேர் கைது, சுமார் 90 கோடி யூரோ பறிமுதல் அல்லது முடக்கம், புலனாய்வாளர்கள் அலசியது 11.5 கோடி உரையாடல்கள். ஆனால் எண்களைவிட எனக்கு மனதில் நிற்பது நெதர்லாந்தில் வவ்ஸே பிளான்டாகே என்ற கிராமத்துப் பக்கம் கண்டுபிடித்த ஏழு கன்டெய்னர்கள். ஆறு அறைகள் ஆட்களை அடைத்துவைக்க. ஏழாவதில் பல் மருத்துவர் நாற்காலி ஒன்று, கைகால் கட்ட வார்களோடு. சுவருக்கெல்லாம் சத்தம் வெளியே போகாதபடி தடுப்பு. யாரைக் கொண்டுவருவது என்று போனில் பேசிக்கொண்டிருந்தபோதே போலீஸ் படித்துவிட்டதால் அந்த ஆட்களை முன்னதாகவே எச்சரிக்க முடிந்தது. "தனியுரிமை புனிதமானது, யார் போனையும் தொடக்கூடாது" என்று ஒரே மூச்சில் சொல்பவர்களிடம் நான் இந்த நாற்காலியைப் பற்றித்தான் கேட்பேன்.

இன்னொன்று, சிரிப்பும் வரும். லிவர்பூல்காரர் ஒருவர், போதைப்பொருள் வியாபாரி, ஸ்டில்டன் சீஸ் கட்டி ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து நண்பருக்கு அனுப்பினார். சீஸ் மேல் அவ்வளவு பிரியம். போனில் அவருக்குப் புனைபெயர்தான், யார் என்று தெரியாது. போலீஸ் அந்தப் படத்திலிருந்த உள்ளங்கை, விரல் ரேகைகளை வைத்து ஆளைப் பிடித்தது. 2021 மே மாதம் பதிமூன்றரை ஆண்டு சிறை.

சரி, இப்போது மறுபக்கம். உளவு மென்பொருள் போய்ச் சேர்ந்தது 122 நாடுகளில் பதிவான 66,134 பயனர்களில் 32,477 பேருக்கு. இதில் ஒவ்வொருவர் மேலும் தனித்தனியாகச் சந்தேகம் இருந்ததா என்றால், இல்லை. இந்தப் போனை வைத்திருப்பதே சந்தேகம் என்ற அடிப்படையில்தான் மொத்தமாக அள்ளினார்கள். பெரும்பாலானோர் குற்றவாளிகள் என்று பிரெஞ்சுத் தரப்பு சொன்னது, நானும் நம்புகிறேன். ஆறு மாதத்துக்கு 1,500 யூரோ கட்டிச் செய்தி அனுப்புகிறவர் பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பமாட்டார். ஆனாலும் அதே ஜாந்தார்ம்ரி, "நல்லெண்ணத்தோடு பயன்படுத்தியவர்கள் எங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினால் உங்கள் தகவலை அழித்துவிடுகிறோம்" என்று ஒரு முகவரியும் கொடுத்தது. யோசித்துப் பாருங்கள். நான் யாரிடமிருந்து மறைந்திருக்க அந்தப் போன் வாங்கினேனோ, அவர்களுக்கே என் பெயரோடு கடிதம் எழுத வேண்டும். எத்தனை பேர் எழுதியிருப்பார்கள்?

அப்புறம் வழக்குகள். இங்கிலாந்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம், ஏனென்றால் தொழில்நுட்பமும் சட்டமும் ஒன்றையொன்று எப்படி முறைத்துப் பார்க்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் நாட்டில் ஒட்டுக்கேட்ட பேச்சை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கலாம். இங்கிலாந்தில் நேர்மாறு. வழியில் இடைமறித்த செய்தியைப் போலீஸ் துப்புக்காகப் பயன்படுத்தலாம், ஆனால் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி சாட்சியமாகக் காட்டக்கூடாது. எப்படி ஒட்டுக்கேட்கிறோம் என்பது வெளியே தெரிந்துவிடும் என்று உளவு அமைப்புகளுக்கு உள்ள பழைய பயம் அது. ஆனால் வழியில் எடுக்காமல், கருவியில் 'சேமித்து வைத்திருந்ததை' முறையான வாரண்டோடு எடுத்தால் சாட்சியமாகும். ஆக, நூற்றுக்கணக்கான வழக்குகள் ஒரே கேள்வியில் தொங்கின: என்க்ரோசாட் செய்தியை எடுத்தபோது அது போய்க்கொண்டிருந்ததா, இருந்துகொண்டிருந்ததா?

போனின் ராம் நினைவகத்திலிருந்து (வேலை நடக்கும்போது தற்காலிகமாக வைத்திருக்கும் இடம்) எடுத்தார்களா, டேட்டாபேஸிலிருந்து (நிலையாகச் சேமிக்கும் இடம்) எடுத்தார்களா என்று நிபுணர்கள் வாதாடினார்கள். அனுப்பு பட்டனை அழுத்தியவுடனே 'பயணம்' தொடங்கிவிடுகிறது, ராமில் இருப்பதும் பயணத்தின் ஒரு பகுதிதான் என்றது குற்றம் சாட்டப்பட்டவர்களின் தரப்பு. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் அதை ஏற்கவில்லை. போனில் தங்கியிருப்பது அனுப்பப்பட்ட செய்தியே அல்ல, அதன் நகல், பழைய காலத்து வார்த்தையில் சொன்னால் வரைவு. எனவே அது சேமிப்பில் இருந்ததுதான், சாட்சியம் செல்லும் என்றது.

கணினி படித்தவனாக எனக்கு இந்தத் தீர்ப்பில் பெரிய குறை தெரியவில்லை. அனுப்பியவர் போனில் இருப்பதும் எதிராளிக்குப் போய்ச் சேருவதும் ஒரே பைட்டுகள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் விளைவைப் பாருங்கள். ஒருவர் கையெழுத்திட்ட கடிதத்தைத் தபால்பெட்டியில் பிரித்தால் சாட்சியம் ஆகாது, அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது தோளுக்குப் பின்னால் நின்று படித்தால் ஆகும். எது அதிகம் அந்தரங்கத்துக்குள் நுழைவது? என்னைக் கேட்டால் தோளுக்குப் பின்னால் நிற்பதுதான். சட்டம் அதற்குத்தான் எளிதாக இடம் கொடுத்தது. குற்றவாளி தப்பக்கூடாது என்பதற்காக அந்த வரியை வளைத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். போனுக்குள்ளேயே போய் உட்காரலாம் என்பது அந்தப் பழைய தடையைக் கொண்டுவந்தவர்கள் கனவிலும் நினைக்காத ஒன்று, அவ்வளவுதான்.

பிரான்சில் வேறு சிக்கல். உளவு மென்பொருள் எப்படி வேலை செய்தது என்பது 'தேசப் பாதுகாப்பு ரகசியம்' என்று சொல்லிவிட்டார்கள். 2022 ஏப்ரலில் அந்நாட்டு அரசியல் சாசன மன்றமும் அதை ஏற்றது. நான் முதலில் இடிக்கிறது என்று சொன்ன இடம் இதுதான். உங்கள் பெயரில் ஒரு செய்தி நீதிமன்றத்துக்கு வருகிறது. நீங்கள் எழுதியதா, எழுதிய நேரம் சரியா, நடுவில் சில செய்திகள் விடுபட்டு அர்த்தம் மாறியிருக்கிறதா என்று உங்கள் வழக்கறிஞர் சோதிக்க வேண்டாமா? எடுத்த கருவியையே காட்டாவிட்டால் எதை வைத்துச் சோதிப்பது? ரத்தப் பரிசோதனை முடிவை வைத்துத் தண்டனை கொடுத்துவிட்டு, எந்த லேப் என்று கேட்காதே என்று சொல்வதுபோல் இருக்கிறது.

ஜெர்மனியில் 2021-இல் பெர்லின் நீதிமன்றம் ஒன்று என்க்ரோசாட் வழக்கு ஒன்றை விசாரணைக்கே எடுக்க மறுத்தது. குறிப்பிட்ட சந்தேகம் இல்லாமல் ஆயிரக்கணக்கானோரை உளவு பார்த்த தகவல் இது என்றது. மேல் நீதிமன்றம் அதை மாற்றியது, நாட்டின் உச்ச அளவிலான கூட்டாட்சி நீதிமன்றமும் 2022 மார்ச்சில் சாட்சியம் செல்லும் என்றது. பெர்லின் விடவில்லை, லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்குக் கேள்விகளை அனுப்பியது. 2024 ஏப்ரல் 30 அன்று பதில் வந்தது. ஒரு நாடு ஏற்கெனவே சேகரித்ததை இன்னொரு நாட்டின் அரசு வழக்கறிஞர் கேட்டு வாங்கலாம், அதற்கு நீதிபதி தேவையில்லை. ஆனால் ஒரு நாட்டு எல்லைக்குள் இருக்கும் போனை ஊடுருவினால் அந்த நாட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். தீர்ப்பையே புரட்டிப் போடக்கூடிய சாட்சியத்தின் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாத நிலை இருந்தால், அந்தச் சாட்சியத்தை ஒதுக்க வேண்டும். கடைசி வாக்கியம்தான் முக்கியம். அதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதில்தான் வழக்கறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

என்க்ரோசாட்டுடன் இது நிற்கவில்லை. 2021 மார்ச்சில் ஸ்கை ஈசிசி என்ற இதே மாதிரி சேவை விழுந்தது. அதே ஆண்டு ஜூன் 8 அன்று வெளியே வந்த ஏனாம் (ANOM) என்ற போன் சேவையின் கதை இன்னும் ஒரு படி மேலே. அங்கே போலீஸ் உள்ளே நுழைய வேண்டிய தேவையே இருக்கவில்லை, கடையே அவர்களுடையது. 2018-இல் பேண்டம் செக்யூர் என்ற கனடா கம்பெனியை அமெரிக்கா முடக்கியபோது, அந்த வியாபாரத்தில் இருந்த ஒருவர் தான் உருவாக்கிக்கொண்டிருந்த அடுத்த போனை எஃப்பிஐ-யிடம் ஒப்படைத்தார். ஆஸ்திரேலியாவில் 50 போன்களில் ஆரம்பித்து 12,000 போன்கள் வரை போனது. கால்குலேட்டர் செயலிக்குள் ஒளிந்திருந்த மெசேஜிங், ஒவ்வொரு செய்திக்கும் யாருக்கும் தெரியாமல் ஒரு நகல் போலீசுக்கு. 2.7 கோடி செய்திகள், 800-க்கும் மேற்பட்டோர் கைது. கும்பல்காரர்கள் சந்தாவும் கட்டி, "இதுதான் பாதுகாப்பானது" என்று தங்கள் ஆட்களுக்குச் சிபாரிசும் செய்தார்கள். ஆனால் அமெரிக்காவுக்குள் இருந்த போன்களின் செய்திகளை எஃப்பிஐ படிக்காமல் விலக்கிவைத்தது, உள்நாட்டுச் சட்டச் சிக்கல். வெளிநாட்டவர் என்றால் சரி, நம் ஆள் என்றால் யோசிக்க வேண்டும் என்ற இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. குற்றவாளிகள் என்பதால் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

2024 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் போலீஸ் கோஸ்ட் என்ற சேவையைப் பிடித்தது. எப்படி? மென்பொருள் அப்டேட்டை மாற்றித்தான். நாலு வருடம் கழித்தும் அதே வித்தை. "ஊடுருவ முடியாத போன்" என்று விற்கிறவரிடம் வாங்குவதில் உள்ள ஆபத்து இதுதான்: எல்லோரும் ஒரே சர்வர், ஒரே அப்டேட் வழி, பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாத கம்பெனி. போலீசுக்கு ஒரு கதவைத் திறந்தால் போதும், ஊரே உள்ளே. என் உறவினர் ஒருவர் இப்படி ஒரு விளம்பரத்தைக் காட்டி "வாங்கட்டுமா?" என்று கேட்டார். வீட்டு வாடகை ஒப்பந்தமும் மாத்திரைச் சீட்டும் அனுப்புகிறவர். சிரித்துவிட்டு வேண்டாம் என்றேன்.

இப்போது தடை பற்றி. மேலே சொன்ன எந்த நடவடிக்கையிலும் என்கிரிப்ஷன் போலீசுக்குத் தடையாக நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அப்படியிருக்க, "குற்றவாளிகளைப் பிடிக்க எல்லோருடைய பூட்டையும் பலவீனமாக்க வேண்டும்" என்பதற்கு இந்த வழக்குகளை ஆதாரமாகக் காட்டுவது விநோதம். குறிவைத்து ஊடுருவுவதற்குச் செலவு அதிகம், உழைப்பு அதிகம், நீதிபதியின் அனுமதி வேண்டும். அந்தச் சிரமமே ஒரு பாதுகாப்பு. எல்லாப் பூட்டுக்கும் மாற்றுச்சாவி செய்து அரசிடம் கொடுத்தால் சிரமம் போய்விடும், சாவி எத்தனை கைக்குப் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2024 பிப்ரவரியில் டெலிகிராம் தொடர்பான ஒரு ரஷ்ய வழக்கில் இதைத்தான் சொன்னது: சிலரைப் பிடிக்க என்கிரிப்ஷனைப் பலவீனப்படுத்தினால் அது எல்லோரையும் பாதிக்கும், ஜனநாயக சமூகத்தில் அது அளவுக்கு மீறியது.

இந்த விவாதம் நம் சென்னையிலும் நடந்தது என்பது பலருக்கு மறந்துபோயிருக்கும். 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமூக ஊடகக் கணக்குகளோடு ஆதாரை இணைக்கக் கேட்டு வந்த மனு, அடுத்த வருடம் வாட்ஸப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியாக மாறியது. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் காமகோடி, செய்தியோடு முதல் அனுப்புநரின் அடையாளத்தையும் சேர்த்து அனுப்பினால் முடியும் என்றார். ஐஐடி பாம்பே பேராசிரியர் மனோஜ் பிரபாகரன், செயலியை மாற்றி வைத்திருப்பவன் அந்த அடையாளத்தை வேறொருவர் பெயரில் போட்டுவிடுவானே என்று மறுத்தார். எனக்கு இரண்டாமவர் வாதம்தான் சரியாகப் படுகிறது. மாட்டிக்கொள்ளப் போவது செயலியை மாற்றத் தெரியாத சாதாரண ஆள். வழக்கு பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆனால் 2021-ஆம் ஆண்டு ஐடி விதிகளில் முதல் அனுப்புநரைக் காட்ட வேண்டும் என்ற விதி வந்தேவிட்டது. வாட்ஸப் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்று சொன்னது எல்லோருக்கும் தெரியும். அதற்கு நடைமுறையில் என்ன பொருள் என்பதற்கு 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உதாரணம் கொடுத்தது. ஒரு லஞ்ச வழக்கில் 2011-இல் மத்திய உள்துறை கொடுத்த ஒட்டுக்கேட்பு அனுமதியை ரத்து செய்தது. பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டு காரணங்களுக்குத்தான் சட்டம் இடம் தருகிறது, ரகசியமாகக் குற்றத்தைத் துப்பறிய என்று அதை நீட்ட முடியாது என்றார் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். லஞ்ச வழக்கில் சிக்கியவர் தப்பட்டுமா என்று உங்களுக்குக் கோபம் வரலாம், எனக்கும் வந்தது. ஆனால் அதே அனுமதி நாளை எந்தக் காரணத்துக்குப் போடப்படும் என்று யோசித்தபோது கோபம் குறைந்தது.

கடைசியாக, கேள்விக்கு வெளியே ஒன்று. இதையெல்லாம் படித்துவிட்டு "என் வாட்ஸப் பாதுகாப்பானதா?" என்று கேட்பீர்கள். செய்தி போகும் வழியில் ஆம். ஆனால் பழைய உரையாடல்களின் பேக்கப் கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ போய் உட்கார்ந்திருக்கும், நீங்களாக மாற்றினால் ஒழிய அதற்கு அதே பூட்டு கிடையாது. செட்டிங்ஸில் சாட்ஸ், சாட் பேக்கப் என்று போய் என்கிரிப்ஷனை ஆன் செய்யுங்கள். கடவுச்சொல் கேட்கும், அல்லது 64 இலக்கச் சாவி ஒன்றைக் கொடுக்கும். சாவி என்றால் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். தொலைத்துவிட்டால் வாட்ஸப்பாலும் அதை மீட்டுத் தர முடியாது.